வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனவனுக்கு

கண்ணு,

இதை எழுதுகிறபோது உனக்குப் பத்து வயது, எனக்கு முப்பத்திரண்டு. படிக்கப்போகிறவனை எனக்கு இன்னும் தெரியாது. அவனுக்கு மீசை இருக்கும், குரல் உடைந்திருக்கும், என்னைவிட ஓரடி உயரமாக இருப்பான். மேல்படிப்புக்கோ வேலைக்கோ நீ ஊரைவிட்டுக் கிளம்புகிற நாளில், இல்லாவிட்டால் கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனம் போகிற நாளில், இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். நான் நாலு நாளாக நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு உன் அப்பா, "என்ன அம்மணி, பரீட்சையா?" என்று கேட்டார். "ஆமாங்க, அரியர்ஸ்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பத்து வயதுப் பையனிடம் அதை எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. வளர்ந்த உன்னிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. விஷயம் இதுதான்: மூன்று வாரத்துக்கு முன்னால், அந்தச் சைக்கிள் பயணத்தின் இரண்டாம் நாள், அன்னூரில் உன்னைக் கிணற்றுக்குள் தேடினோம். நீ அப்போது கிணற்றுப் பக்கமே இல்லை என்பது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

அந்தப் பயணம் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்குமோ. நம் ஆர்.எஸ்.புரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் ஓட்டுகிற நாலைந்து பேர் சேர்ந்து ஏற்பாடு செய்தது அது. முதல் நாள் மேட்டுப்பாளையம், ராத்திரி அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கல், மறுநாள் அன்னூர் வழியாகக் கோயமுத்தூர் திரும்புவது. சுற்றிவந்தால் எண்பது கிலோமீட்டருக்கு மேல். குடும்பத்தோடு வரலாம், பிள்ளைகள் பெற்றவர்களின் பொறுப்பு என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். உன் அப்பா அந்த நோட்டீஸைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தபோது நான் சாம்பார் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். "என்னுங்க, லாரி போற ரோட்டுல பையனைக் கூட்டிட்டுப் போறேங்கறீங்களே" என்றேன். "எல்லா ரோட்டுலயும் லாரி போகுது அம்மணி. லாரி போகாத எடம் நம்ம ஊட்டுக்குள்ளதான்" என்றார். நீ அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாய், சோற்றில் கை வைக்காமல். நானும் கூட வருவேன், பையன் என் சைக்கிளுக்குப் பக்கத்தில்தான் வர வேண்டும், அப்படியானால் சரி என்றேன். நான் ஒப்புக்கொண்டது தைரியத்தினால் அல்ல. நீங்கள் இரண்டு பேரும் போய்விட்டு வருகிற இரண்டு நாளை வீட்டில் உட்கார்ந்து கழிப்பதைவிட, லாரிக்குப் பக்கத்தில் நானே ஓட்டுவது பரவாயில்லை என்று பட்டது.

என் பயம் எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். நான் பிறவிக் கோழை இல்லை. கல்லூரிக்கு மூன்று வருஷமும் சைக்கிளில் போனவள், பௌதிகம் படித்தவள், ஹாஸ்டலில் தேள் அடித்தவள். உனக்கு ஒன்றேகால் வயதில், பொள்ளாச்சியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் உனக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. கண் மேலே சொருகிக்கொண்டது. கண்டக்டர் ஓடி வந்து, யாருடைய சாவிக்கொத்தையோ வாங்கி உன் கைக்குள் வைத்து இறுக்கினார். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்காது என்று படித்தவளான எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சாவியை உன் கையிலிருந்து எடுக்க யாரையும் நான் விடவில்லை. டாக்டர் வந்து எடுக்கிறவரை விடவில்லை. அன்றைக்கு என்னிடமிருந்த பௌதிகம் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. அதற்கப்புறம் சகுனம், சொல், தும்மல், பூனை என்று ஒவ்வொன்றாக வந்து ஏறிக்கொண்டன.

அப்படி ஏறியதில் ஒன்றுதான் 'போறேன்' என்ற சொல். அந்தச் சொல்லை யாரும் சொல்லக்கூடாது என்று எல்லா வீட்டிலும்தான் சொல்வார்கள். கிளம்புகிறவர் 'வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும், திரும்பி வருவதற்காக. நான் அதோடு நிற்கவில்லை. உன் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த சமயம், நீ ஒன்றாம் வகுப்பு. ஆஸ்பத்திரி அறையிலிருந்து கிளம்பும்போது கட்டிலில் கிடந்த அவரிடம் கையை ஆட்டி, "அப்பா, நா போறேன்" என்றாய். நான் உன் தொடையில் கிள்ளினேன். எல்லோரும் பார்க்க, தோல் கன்றிப்போகிற மாதிரி. "வாரேன்னு சொல்லு. சொல்லு!" நீ அழுதுகொண்டே சொன்னாய். அன்றிலிருந்து உன் வாயில் அந்த இன்னொரு சொல் வந்ததே இல்லை. நாயிடம்கூட வாரேன். பல் பிடுங்கின டாக்டரிடம் ரத்தப் பஞ்சைக் கடித்துக்கொண்டு "வாரேனுங்க" என்றாய். "வேண்டாஞ் சாமி, இந்தப் பக்கமே வந்துராத" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், பெருமையாக. பிள்ளையை நன்றாக வளர்க்கிறேன் என்று நினைத்தேன்.

முதல் நாள் பயணம் நன்றாகவே போனது என்று எழுதத்தான் ஆசை. மற்ற எல்லோருக்கும் அப்படித்தான் போனது. நான் முதல்முறையாகச் சுடிதார் போட்டிருந்தேன். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, "துப்பட்டா சக்கரத்துல சிக்குனா அவ்வளவுதான், பாத்துக்கோ" என்று எனக்குச் சொல்லிக்கொள்வதை உன்னிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். காரமடை தாண்டியதும் மலை முழுசாகத் தெரிந்தது. "மலை நம்மகிட்ட வருதும்மா" என்று கத்தினாய். நான் மலையைப் பார்க்கவில்லை. உன் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண்பது கிலோமீட்டரில் நான் உருப்படியாகப் பார்த்தது அந்தச் சக்கரத்தைத்தான். என்ன மரம், என்ன பயிர் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. நீ அப்படி ஓட்டாதே. யாரைக் கூட்டிக்கொண்டு போனாலும் நடுநடுவே தலையைத் தூக்கிப் பார்.

இரண்டாம் நாள் காலை மேட்டுப்பாளையத்தில் பனி இருந்தது. உன் அப்பா பஞ்சர் ஒட்டுகிற சாமான்களோடு முன்னால் போகிற கும்பலில் கிளம்பிவிட்டார். நீயும் நானும் நடுவில். கடைசியாகச் சிவப்புக் கொடி கட்டிய மொபெட்டில் ஒரு பெரியவர் வருவார், யாராவது பின்தங்கினால் பார்த்துக்கொள்ள. அன்னூரில் ஒரு மண்டபத்தில் நீர்மோர். அங்கே வந்து சேர்கிற ஒவ்வொருவர் அட்டையிலும் முத்திரை குத்தினார்கள். உன் அட்டையும் என் பையில்தான் இருந்தது, இரண்டையும் சேர்த்து நீட்டினேன். வந்தவர்களை அவ்வளவு ஒழுங்காக எண்ணினார்கள். கிளம்பியவர்களை யாரும் எண்ணவில்லை. அது யாருடைய தப்பும் இல்லை. வந்து சேர்கிறவர்களைப் பற்றித்தானே எல்லோருக்கும் கவலை.

மோர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா அன்னூருக்குப் பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். மோரில் என்னவோ வாசனையாக இருந்தது, என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். "நாரத்தை எலைங்க. கிள்ளிப் போட்டா வெய்யிலுக்கு நல்லதுங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் உன் குரல் கேட்டது. "அம்மா, நா வாரேன்." நான் திரும்பவில்லை. "ம், வா" என்றேன்.

இவ்வளவுதான் நடந்தது. நீ, முன்னால் போன அப்பாவைப் பிடிக்கப் போகிறாய் என்று சொன்னாய். நான், நீ கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வருகிறாய் என்று கேட்டுக்கொண்டேன். நான் சொன்ன 'வா' உனக்குப் 'போய்ட்டு வா' என்று கேட்டது. இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொன்னோம். நீ கோயமுத்தூர்ப் பக்கம் மிதித்தாய், நான் மோர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

பத்து நிமிஷம் நான் பயப்படவே இல்லை. மண்டபத்துச் சுவரில் உன் சிவப்புச் சைக்கிள் சாய்ந்திருந்தது, அதனால் நீ உள்ளே எங்கேயோ இருக்கிறாய். அப்புறம் கக்கூஸ் பக்கம் போய்க் கூப்பிட்டேன். சமையற்கட்டில் பார்த்தேன். மாடிக்கு ஏறினேன். இறங்கி வந்தபோது கொடி கட்டிய மொபெட் வந்து நின்றது. பெரியவர் என் முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். "ஏனுங்க அம்மணி, என்னாச்சு?"

"பையனைக் காணோமுங்க."

"முன்னால கீது போயிட்டானுங்களா? நா போய்ப் பாத்துட்டு வரட்டுங்களா?"

"இல்லீங்க. சைக்கிள் இங்கதான் நிக்குது. எங்கிட்ட வாரேன்னு சொன்னான். போகலீங்க."

அவர் சரியாகத்தான் கேட்டார், கண்ணு. முன்னால் போயிருந்தால் பத்து நிமிஷத்தில் உன்னைப் பிடித்திருப்பார். நான்தான் அவரை அடித்துச் சொல்லித் திருப்பினேன். ஒருவேளை வந்த வழியில் எதையாவது விட்டுவிட்டு எடுக்கப் போயிருப்பானோ என்று அவர் மறுபடியும் மேட்டுப்பாளையம் ரோட்டில் மொபெட்டை விட்டார். உனக்கு நேர் எதிர்த் திசையில்.

அப்போதுதான் ஒரு சின்னப் பையன், நம் கூட வந்த குடும்பத்துப் பையன், "கெணத்துப் பக்கம் ஒரு பையன் நின்னானுங்க" என்றான். யார், எப்போது, என்ன சட்டை என்று எதுவும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் தோட்டம். தோட்டத்து நடுவில் கிணறு. நம் பக்கத்துக் கிணறுகளை நீ பார்த்திருக்கிறாய்: சதுரமாக, ஒரு வீடு உள்ளே போகிற அகலத்தில், சுவரே இல்லாமல், தரை சட்டென்று முடிந்துபோகும். உள்ளே ஒரு பக்கம் பாறையில் வெட்டிய படி. நான் ஓடியபோது எனக்கு ஞாபகம் வந்தது வேறு ஒன்றும் இல்லை, நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். கல்லைப் போட்டு, தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்கிறவரை எண்ணினால் கிணற்றின் ஆழம் தெரியும். போன லீவில் சொல்லிக்கொடுத்தேன். நீ ஒரு வாரம் எங்கே கிணறு கண்டாலும் நின்றாய். விளிம்பில் குனிந்துதானே எண்ண வேண்டும்.

தண்ணீரில் நீலமாக என்னவோ மிதந்தது. உன் சட்டையும் நீலம்.

தோட்டத்தில் மோட்டார் போட வந்திருந்தவர் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டார். நாற்பது வயது இருக்கும், பெயர்கூடக் கேட்கவில்லை. "தள்ளி நில்லுங்க அம்மணி. நீங்க வேற உழுந்து போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்கினார். நீலம் ஒரு உடைந்த பிளாஸ்டிக் குடம். அதைத் தூக்கிக் காட்டினார். ஆனால் குடம் மேலே மிதக்கிறது என்பதால் கீழே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. அவருக்கும் அது தெரியும். "மூணாள் ஆழந்தான், பாத்தர்றேன்" என்று முங்கினார். நான் எண்ணினேன். உனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே எண்ணினேன். முப்பத்தெட்டு. தலை மேலே வந்தது. "ஒண்ணும் தட்டுப்படலீங்." மறுபடியும் முங்கினார். நாற்பத்தொன்று. உன்னைப் பெற்றபோதுகூட நான் கும்பிடாத சாமிகளையெல்லாம் அந்த எண்ணுக்கு நடுவே கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை மட்டும் எழுத மாட்டேன். உனக்குப் பதிலாக வேறு யாருடைய பிள்ளையாகவாவது இருக்கட்டும் என்று கேட்கிற அளவுக்கு ஒரு தாய் போவாள் என்று மட்டும் தெரிந்துகொள்.

மூன்றாவது தடவை அவர் முங்கியிருந்தபோது மோர் ஊற்றிய அம்மா என் பக்கத்தில் வந்தார். பானையைக் கவிழ்த்து இடுப்பில் வைத்திருந்தார். என் தோளைத் தொட்டு, "பயப்படாதீங்க கண்ணு, எங்கியும் போயிருக்க மாட்டான். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. நா வாரேனுங்க" என்றார். சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். வரப்பு மேல், மண்டபத்தைத் தாண்டி, ரோட்டுப் பக்கம், என்னைவிட்டுத் தூரமாக.

நான் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாரேன் என்று சொல்லிவிட்டு மனிதர்கள் போகத்தான் செய்கிறார்கள். அதற்குத்தானே அந்தச் சொல். அதை உனக்குக் கிள்ளிக் கற்றுக்கொடுத்தவள் நான்.

மண்டபத்துக்கு ஓடினேன். சுவரில் சாய்ந்திருந்த சிவப்புச் சைக்கிளில் கேரியர் இருந்தது. உன்னுடையதில் கிடையாது, நீதான் கழற்றிப் போட்டாயே. ஹாண்டிலில் பூப்படம் ஒட்டியிருந்தது. யாரோ பெண் குழந்தையின் சைக்கிள். இவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சிவப்பை மட்டும் பார்த்தேன். என் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரோட்டில் ஏறினேன். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கிணற்றில் இருந்தவரிடம் நான் சொல்லவில்லை. பையன் இல்லை, வெளியே வந்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். கத்தவில்லை. நான் போனபிறகும் அவர் இரண்டு தடவை முங்கினார் என்று கொடிக்காரர் கோயமுத்தூரில் என்னிடம் சொன்னார். அந்தக் குளிர்ந்த தண்ணீரில், முன்பின் தெரியாத ஒருத்தியின் பிள்ளைக்காக. இன்னும் நான் அன்னூர் போய் அவரைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. நீ இதைப் படிக்கிறபோதும் நான் போயிருக்காவிட்டால், என்னைக் கூட்டிக்கொண்டு போ.

அன்னூரிலிருந்து கோவில்பாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தச் சத்தி ரோட்டில் பஸ்கள் எப்படி வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு ஹாரனும் என் முதுகில் விழுந்தது. கிணற்றில் நீ இல்லை என்பதில் எனக்கு ஒரு நிமிஷம்கூட நிம்மதி கிடைக்கவில்லை, ஏனென்றால் கிணறு அசையாமல் ஒரே இடத்தில் இருந்தது, இந்த ரோட்டில் எல்லாமே அசைந்துகொண்டிருந்தது. நடுவழியில் ஒரு லாரி நின்றிருந்தது, சுற்றிலும் ஆட்கள் குனிந்து நின்றார்கள். நான் இறங்கவில்லை. விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். முழங்கால் தேய்ந்தது. கூட்டத்தை விலக்கிப் பார்த்தால் தார்ப்பாய் கிழிந்து தேங்காய் கொட்டியிருந்தது, பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "என்னுங்க, ஒண்ணு வேணுமா?" என்று தேங்காயை நீட்டினார். அவரிடம் நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

கோவில்பாளையத்தில் அடுத்த தண்ணீர்ப் பந்தல். அதற்கு முன்னாலேயே, அப்பாவைப் பிடிப்பதை விட்டுவிட்டு, ரோட்டோரம் ஒரு சின்னப் பாலத்துக் கட்டையில் நீ நின்றுகொண்டிருந்தாய். உட்காரவில்லை, மேலே ஏறி நின்றுகொண்டிருந்தாய், நான் வருகிற திசையைப் பார்த்து. உன்னை அடித்து நொறுக்கவேண்டும் என்றும், கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் ஒரே சமயத்தில் கை எழுந்தது. உன் முகத்தைப் பார்த்ததும் இரண்டும் நின்றுபோயின. அந்த முகம் எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் உன் ஸ்கூல் வண்டி ஐந்து நிமிஷம் தாமதமானால் கண்ணாடியில் நான் பார்க்கிற முகம் அது.

"எங்கம்மா போன?" என்றாய். "நா சொல்லீட்டுத்தான வந்தேன். நீயும் வான்னு சொன்ன."

"ஆமாஞ் சாமி."

"பதினோரு பஸ் போச்சு. ஒவ்வொரு பஸ் டயரையும் பாத்தேன்."

"டயரை எதுக்குப் பாத்த?"

"உன்ற துப்பட்டா சுத்தியிருக்குதான்னு."

அதைச் சொல்லிவிட்டு நீ அழவில்லை. கட்டையிலிருந்து இறங்கி, என் துப்பட்டா முடிச்சை இழுத்துப் பார்த்து, இன்னொரு முடிச்சுப் போட்டாய். "ஏம்மா இவ்வளவு நேரம்?" என்று கேட்டபோது நான் "பஞ்சர்" என்றேன். "எந்த வீலு?" என்றாய். "பின் வீல்." நீ குனிந்து பின்சக்கரத்தை அழுத்திப் பார்த்தாய், சுற்றிவிட்டுப் பார்த்தாய். அப்புறம் என் முழங்காலில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தாய். நான் பொய் சொல்கிறேன் என்று உனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. தெரியாத காரணத்தைப் பிள்ளைகள் சும்மா விட்டுவைப்பதில்லை, தங்களுக்குத் தெரிந்ததிலேயே பெரிய பயத்தைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்துக்கொள்கிறார்கள். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை இருந்தால் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நடந்ததைச் சொல். கிணறு என்றால் கிணறு என்று சொல். கிளம்பும்போது நல்ல வார்த்தை சொல்லக் கற்றுக்கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே எந்தப் பக்கம் என்றும் சொல்லக் கற்றுக்கொடு. அவன் பேசும்போது திரும்பிப் பார். மோர் எங்கேயும் ஓடிப்போகாது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் எழுந்து போய், தூங்குகிற உன்னைப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம், "பையனுக்குத் தெரியவேண்டாம்" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். அது எங்கள் இரண்டாவது தப்பு.

அதிலிருந்து நீ மாறிவிட்டாய். ஆறாம் வகுப்பு போனதும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவேன் என்று தீபாவளியிலிருந்து நச்சரித்தவன், இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. ஏன் எடுக்கவில்லை என்றால் "செயின் எறங்குதும்மா" என்கிறாய். நான் போய்ச் சுற்றிப் பார்த்தேன், செயின் இறங்கவில்லை. நான் ரேஷன் கடைக்குப் போனால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். "எத்தன மணிக்கு வருவே?" என்று கேட்டு, கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறாய். போன வாரம் உன் அப்பா இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பியபோது அவர் ஸ்கூட்டர் சாவியை ஒளித்துவைத்தாய். "என்னடா இவன், உன்ற அம்மாவுக்குத் தம்பியாட்ட ஆயிட்ட" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு என் மூக்கு, என் நெற்றி என்று சொல்வார்கள். இதையும் நான்தான் கொடுத்திருக்கிறேன். லாரி, கிணறு, பஸ் எல்லாவற்றையும்விட இப்போது எனக்குப் பெரிய பயம் இதுதான். நீ ஒரு இடத்துக்கும் போகாதவனாக, எல்லோரையும் கேட்டில் நின்று எண்ணுகிறவனாக வளர்ந்துவிடுவாயோ என்று. அப்படியானால் இந்தக் கடிதத்தை எந்த ஊருக்குக் கிளம்பும்போது உன்னிடம் கொடுப்பது?

இதுவரை நான்கு நாளாக எழுதியது. இன்றைக்குச் சனிக்கிழமை, மத்தியானம். சாப்பிட்டு முடித்ததும் உன்னிடம் வாடகை நூலகத்துப் புத்தகத்தைக் கொடுத்து, தடாகம் ரோட்டுக் கடையில் கொடுத்துவிட்டு வா என்றேன். சைக்கிளில். தனியாக. நீ புத்தகத்தை வாங்கவில்லை. "நீயும் வாம்மா" என்றாய். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். "என்ன வேலை?" எழுதுகிற வேலை. "செயின் எறங்குமே." இறங்கினால் மாட்டிக்கொள், உனக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் கொஞ்சம் அசைந்திருந்தால் போதும், புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பேன். "எந்த வழியாப் போவே, சொல்லு பாக்கலாம்" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாய்: பிள்ளையார் கோயில், அப்புறம் மருந்துக்கடை சந்து, ரோட்டைத் தள்ளிக்கொண்டே தாண்டுவது. "எத்தன மணிக்குள்ள வரோணும்?" இருபது நிமிஷம் என்று நாக்கு வரை வந்தது. "வேலை முடிஞ்சதும் வா" என்றேன்.

நீ போனதும் கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்திவிட்டு, உள்ளறையில் வந்து உட்கார்ந்தேன். நீ திரும்பும்போது நான் கேட்டில் நிற்கக்கூடாது. அதற்காகத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே, என் எழுத்தைப் பார்த்தாலே தெரியும். இருபத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது. தூரத்தில் ஒரு பஸ் பெரிதாக ஹாரன் அடித்தது, நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். முப்பது. நூலகத்தில் படக்கதை பார்த்துக்கொண்டு நிற்கிறாய். நிற்கட்டும். யாராவது நண்பனைப் பார்த்திருப்பாய். பார்க்கட்டும். முப்பத்தெட்டு. இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை, சும்மா பேனாவை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்திரண்டு.

கேட் சத்தம். ஸ்டாண்ட் போடுகிற சத்தம். "அம்மா!" என்கிறாய். வாசலில் ஆள் இல்லை என்றதும் மறுபடியும், இன்னும் சத்தமாக, கொஞ்சம் கோபமாக, "அம்மா! எங்க இருக்கே? புதுப் புஸ்தகம் எடுத்துட்டு வந்திருக்கேன்!" நான் ஓடி வர மாட்டேன். இந்த ஒரு வரியை எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.